ஒரே கணக்கு, இரண்டு வார்த்தை: ரிஸ்க்கான முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரேமிங் விளைவு என்று எதைச் சொல்கிறார்கள்?

"இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் பிழைக்கிறார்கள்" என்கிறார் ஒரு டாக்டர். "100 பேரில் 10 பேர் இறந்துவிடுகிறார்கள்" என்கிறார் இன்னொருவர். கணக்கு ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்ட குடும்பம் கையெழுத்துப் போடப் பேனா தேடும். இரண்டாவதைக் கேட்ட குடும்பம் "வேற ஏதாவது வழி இருக்கா டாக்டர்?" என்று கேட்கும். தகவல் அப்படியே இருக்க, சொல்லும் விதம் மாறியதால் மட்டும் முடிவு மாறினால் அதுதான் ஃபிரேமிங் விளைவு. தமிழில் சட்டக விளைவு என்றும் எழுதுகிறார்கள்.

வார்த்தையோடு சூழலும் இதில் சேரும். எதோடு ஒப்பிடுகிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறோம், சற்று முன் ஜெயித்தோமா தோற்றோமா என்பதெல்லாம் அதே எண்ணை வேறு எண்ணாகக் காட்டும்.

இதை முதலில் காட்டிய ஆய்வு எது?

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1981-ல் "சயின்ஸ்" இதழில் வெளியிட்ட கட்டுரை. ஸ்டான்ஃபோர்ட், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்கள். ஒரு தொற்றுநோய் வரப்போகிறது, எதுவும் செய்யாவிட்டால் 600 பேர் சாவார்கள், இரண்டு திட்டங்களில் எதை எடுப்பீர்கள்?

ஒரு குழுவுக்குக் காட்டியது இது: முதல் திட்டத்தில் 200 பேர் காப்பாற்றப்படுவார்கள். இரண்டாவதில், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் 600 பேரும் பிழைப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் யாருமே பிழைக்க மாட்டார்கள். 72% பேர் உறுதியான 200 உயிரை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு குழுவுக்கு: முதல் திட்டத்தில் 400 பேர் இறப்பார்கள். இரண்டாவதில், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் யாரும் சாக மாட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் 600 பேரும் சாவார்கள். இப்போது 78% பேர் துணிந்து இரண்டாவது திட்டத்துக்குப் போனார்கள். 200 பேர் பிழைப்பதும் 400 பேர் இறப்பதும் ஒன்றுதானே என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனித்தனியாகக் கேட்கும்போதுதான் அது கண்ணில் படாமல் போகிறது.

லாபம் என்றால் தயக்கம், நஷ்டம் என்றால் துணிச்சல். ஏன் இப்படி?

இரண்டுக்கும் நம்மிடம் பழமொழி இருக்கிறது. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்பது லாபத்தின் பக்கம் நிற்கும் மனசு. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்பது நஷ்டத்தில் மூழ்கிய மனசு.

இதே இருவர் 1979-ல் முன்வைத்த ப்ராஸ்பெக்ட் கோட்பாடு அதைக் கணக்காக எழுதியது. நாம் பணத்தை மொத்தச் சொத்தாக எடை போடுவதில்லை. ஏதோ ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அதற்கு மேலே போனால் லாபம், கீழே போனால் நஷ்டம் என்று பார்க்கிறோம். தூரம் போகப்போக உணர்ச்சி மங்குகிறது: ₹1,000 நஷ்டத்துக்கும் ₹2,000 நஷ்டத்துக்கும் உள்ள வலி வித்தியாசம், ₹51,000-க்கும் ₹52,000-க்கும் இடையே இருப்பதில்லை. அதனால்தான் ஏற்கெனவே அடிபட்டவர் இன்னும் கொஞ்சம் பந்தயம் வைக்கத் தயங்குவதில்லை. மூன்றாவதாக, நஷ்டத்தின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடக் கனமானது. 1992-ல் அவர்கள் மதிப்பிட்டது ஏறக்குறைய 2.25 மடங்கு. எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் மாறிலியாக இதை எடுக்கக் கூடாது. தொகையையும் ஆளையும் பொறுத்து மாறும்.

இந்தக் குணம் காசை எப்படித் தின்னும் என்பதற்கு 1981 கட்டுரையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு முடிவு எடுக்க வேண்டும். முதலாவதில், உறுதியாக 240 டாலர் லாபம் அல்லது 25% வாய்ப்பில் 1,000 டாலர் லாபம். இரண்டாவதில், உறுதியாக 750 டாலர் நஷ்டம் அல்லது 75% வாய்ப்பில் 1,000 டாலர் நஷ்டம். முதலாவதில் 84% பேர் உறுதியான 240-ஐ எடுத்தார்கள். இரண்டாவதில் 87% பேர் சூதாட்டத்துக்குப் போனார்கள். இந்த இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள் 73%.

இப்போது கூட்டிப் பாருங்கள். அவர்கள் கையில் இருப்பது 25% வாய்ப்பில் 240 லாபம், 75% வாய்ப்பில் 760 நஷ்டம். ஒதுக்கிவிட்ட மற்ற ஜோடி, 25% வாய்ப்பில் 250 லாபம், 75% வாய்ப்பில் 750 நஷ்டம். எது நடந்தாலும் 10 டாலர் மிச்சம். அந்த நல்ல ஜோடியை எடுத்தவர்கள் 3% மட்டுமே. கூட்டி வைத்தே கேட்டபோது ஒருவர்கூடத் தவறவில்லை. ஆகவே, அருகருகே வரும் முடிவுகளைத் தனித்தனியாக எடுக்காமல் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் பழக்கமாக்க முடியும் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

படித்தவர்கள், மருத்துவர்களும் இதில் மாட்டுவார்களா?

மாட்டுவார்கள். பார்பரா மெக்நீல் குழு 1982-ல் "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்" இதழில் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகள், மாணவர்களோடு 424 கதிரியக்க மருத்துவர்களும் இருந்தார்கள். நுரையீரல் புற்றுக்கு அறுவையா, கதிர்வீச்சா என்பது கேள்வி. அறுவை செய்த 100 பேரில் 90 பேர் ஆபரேஷனைத் தாண்டுகிறார்கள், ஓராண்டு முடிவில் 68 பேர், ஐந்தாண்டு முடிவில் 34 பேர் உயிரோடு இருக்கிறார்கள். கதிர்வீச்சில் 100 பேரும் சிகிச்சையைத் தாண்டுகிறார்கள், பிறகு 77, பிறகு 22.

இதையே இறப்புக் கணக்காகச் சொன்னபோது (அறுவையில் 10, 32, 66, கதிர்வீச்சில் 0, 23, 78) கதிர்வீச்சைத் தேர்ந்தவர்கள் 18%-லிருந்து 44%-க்கு ஏறினார்கள். மருத்துவர்களிலும், பிழைப்பவர்கள் கணக்கில் அறுவையைத் தேர்ந்தவர்கள் 84%, இறப்பவர்கள் கணக்கில் 50%.

எந்த எண் இந்த வேலையைச் செய்கிறது என்று பாருங்கள். ஐந்தாண்டில் அறுவையே மேல். ஆனால் "10 பேர் மேசையிலேயே சாகலாம், கதிர்வீச்சில் 0" என்று வரும்போது அந்த 0 கண்ணை இழுத்துவிடுகிறது. 100-க்கும் 90-க்கும் இடையே தெரியாத அதே 10, 0-க்கும் 10-க்கும் இடையே மலையாகத் தெரிகிறது.

அப்படியானால் ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் என்ன கேட்பது?

"ரிஸ்க் இருக்கா டாக்டர்?" என்று கேட்காதீர்கள். அதற்கு "எல்லா ஆபரேஷன்லயும் கொஞ்சம் ரிஸ்க் உண்டும்மா" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்:

"டாக்டர், எங்க அப்பா வயசுல, இதே மாதிரி சர்க்கரை இருக்கிற 100 பேருக்கு இதைச் செஞ்சா, முதல் மாசத்துல எத்தனை பேருக்குப் பெரிய சிக்கல் வரும்? ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் நல்லா நடமாடுவாங்க? எதுவுமே செய்யாம மருந்து மட்டும் குடுத்தா அதே 100 பேர் எப்படி இருப்பாங்க?"

இதில் நான்கு விஷயம் அடங்கியிருக்கிறது: எந்த மாதிரி ஆட்கள், எத்தனைக்கு எத்தனை, எவ்வளவு காலத்துக்குள், மாற்று வழியில் என்ன. ஒன்று விட்டுப்போனாலும் எண் ஏமாற்றும். பெரும்பாலும் விட்டுப்போவது கடைசிக் கேள்விதான்.

பதில் வந்ததும் ஒரு தாளில் இரண்டு விதமாகவும் எழுதுங்கள்: "100-ல் 94 பேருக்குச் சிக்கல் இல்லை", "100-ல் 6 பேருக்குச் சிக்கல்". முதல் வரியைப் படிக்கும்போது சரி என்றும், இரண்டாவதைப் படிக்கும்போது வேண்டாம் என்றும் தோன்றினால் இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று அர்த்தம். அவசரம் இல்லாத சிகிச்சை என்றால் ஒரு இரவு தள்ளிவைத்து மறுபடி படிக்கலாம். உயிர் போகும் அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது, அங்கே டாக்டர் சொல்வதைச் செய்வதே சரி.

"ஆபத்து இரண்டு மடங்கு", "பாதியாகக் குறைகிறது" என்று வந்தால்?

உடனே "எதிலிருந்து எதற்கு?" என்று கேளுங்கள். மடங்கு என்பது ஒப்பீடு. அடி எண் தெரியாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. உண்மைதான். அடியில் இருந்த கணக்கு: 7,000 பெண்களில் 1 என்று இருந்தது 7,000-ல் 2 ஆனது. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பமே அந்த மாத்திரையைவிட அதிகமாக ரத்தக்கட்டு ஆபத்தைக் கூட்டும் என்பதுதான் இதில் வேதனையான பகுதி. "7,000-ல் ஒருவர் கூடுதல்" என்று எழுதியிருந்தால் எத்தனையோ பெண்களுக்கு அந்த அலைச்சல் வந்திருக்காது.

நீங்களே செய்து பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு. மருந்து இல்லாமல் பத்தாண்டில் 100-ல் 4 பேருக்கு மாரடைப்பு, மருந்தோடு 3 பேருக்கு. விளம்பரம் "25% குறைவு" என்று சொல்லும், பொய்யில்லை. கழித்துப் பார்த்தால் 100-ல் 1 குறைவு. ஒருவருக்குப் பலன் கிடைக்க 100 பேர் பத்தாண்டு மாத்திரை போட வேண்டும். மூன்றும் ஒரே உண்மை. இதில் தந்திரம் எங்கே நடக்கும் என்றால், பலனை மடங்கிலும் பக்கவிளைவைக் கழித்த எண்ணிலும் சொல்லும்போது. பலன் "25% குறைவு", பக்கவிளைவு "100-ல் ஒருவருக்குத்தான்" என்று ஒரே தாளில் வந்தால், இரண்டும் ஒரே அளவு என்பதே தெரியாமல் போகும்.

20% என்றாலும் 100-க்கு 20 பேர் என்றாலும் ஒன்றுதானே?

கணக்கில் ஒன்று, மனதில் வேறு. பால் ஸ்லோவிக் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மனநல மருத்துவமனையிலிருந்து ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று நிபுணர்களிடம் கேட்டார்கள். அவர் வன்முறையில் இறங்க "20% வாய்ப்பு" என்றபோது 21% பேர் அனுப்ப மறுத்தார்கள். "இவரைப் போன்ற 100 பேரில் 20 பேர்" என்றபோது மறுத்தவர்கள் 41%. சதவீதம் காகிதத்தில் இருக்கும் எண். 20 பேர் என்றால் கண் முன்னால் 20 ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

மேலே இருக்கும் எண் பெரிதாக இருந்தால் கீழே இருப்பதை மறந்தும் விடுகிறோம். 10,000 பேரில் 1,286 பேரைக் கொல்லும் நோய், 100-ல் 24.14 பேரைக் கொல்லும் நோயைவிடப் பயங்கரமானது என்று 1997-ல் ஓர் ஆய்வில் மக்கள் மதிப்பிட்டார்கள். முதலாவது 12.86% மட்டுமே. எனவே இரண்டு ஆபத்துகளை ஒப்பிடும் முன் கீழ் எண்ணை ஒன்றாக்குங்கள். 250-ல் ஒருவர், 1,000-ல் 6 பேர் என்று வந்தால், முதலாவது 1,000-ல் 4 பேர். "எத்தனையில் ஒருவர்" என்ற வடிவத்தில் எண் பெரிதானால் ஆபத்து குறைகிறது என்பதால் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

எண்ணே சொல்லாமல் "அரிதாக", "வாய்ப்பு உண்டு" என்றால் எப்படி எடுத்துக்கொள்வது?

எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 1951-ல் அமெரிக்க உளவுத்துறை, யூகோஸ்லாவியா மீது சோவியத் தாக்குதல் நடக்கக் கணிசமான சாத்தியம் உண்டு என்று அறிக்கை எழுதியது. அதைத் தயாரித்த குழுவிடமே, அந்தத் துறையின் அதிகாரி ஷெர்மன் கென்ட் கேட்டபோது, ஒருவர் மனதில் இருந்தது 20%, இன்னொருவர் மனதில் 80%. எல்லோரும் ஒரே வாக்கியத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஐரோப்பிய விதிப்படி இந்தச் சொற்களுக்கு அளவு உண்டு. மிகப் பொதுவானது என்றால் 10-ல் ஒருவருக்கு மேல், பொதுவானது என்றால் 1% முதல் 10%, அரிது என்றால் 10,000-ல் 1 முதல் 10 பேர். சாதாரண வாசகர்கள் "பொதுவானது" என்பதை இதைவிடப் பல மடங்கு அதிகமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல், எண்களையே நாம் அழுத்தத்துக்குப் பயன்படுத்துகிறோம். "நூத்துக்கு நூறு சரியாகிடும்" என்பது 100% அல்ல, தைரியம் சொல்வது. "லட்சத்துல ஒருத்தருக்கு வரும்" என்பதும் பெரும்பாலும் அளவு அல்ல. "இது எண்ணிப் பார்த்த கணக்கா, சும்மா ஒரு பேச்சுக்கா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம்.

ஷேர் மார்க்கெட்டில் இது எப்படி வேலை செய்கிறது?

முதலில், லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்று நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிப்பிடிப்பது. டெரன்ஸ் ஓடீன் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார். விற்கக்கூடிய லாபங்களில் 14.8% விற்கப்பட்டன, நஷ்டங்களில் 9.8% மட்டுமே. இதில் ஃபிரேம் என்பது நீங்கள் வாங்கிய விலைதான். ஸ்கிரீனில் சிவப்பா பச்சையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது, ஆனால் நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பணம் இன்று கையில் ரொக்கமாக இருந்தால் இதே ஷேரை இன்றைய விலைக்கு வாங்குவேனா?" இல்லை என்றால், வைத்திருக்கக் காரணம் பழைய விலை மட்டும்தான். ஆவரேஜ் செய்வதற்கு (விலை விழுந்ததும் அதே ஷேரை இன்னும் வாங்குவதற்கு) முன்னும் இதே கேள்விதான்.

சதவீதமும் ஏமாற்றும். ₹100 ஷேர் 30% விழுந்தால் ₹70. அதே 30% ஏறினால் ₹91-தான். பழைய இடத்துக்கு வர ஏறக்குறைய 43% ஏற வேண்டும். பாதியாக விழுந்தால் இரட்டிப்பாக வேண்டும்.

அடுத்தது, விட்டதைப் பிடிப்பது. தேலரும் ஜான்சனும் 1990-ல் காட்டியது இது: இப்போதுதான் ஜெயித்தவர் அந்தப் பணத்தை ஊரார் காசு போல வைத்து ஆடுகிறார், தோற்றவர் போட்டதைத் திரும்ப எடுக்கும் வாய்ப்பு தெரிந்தால் எவ்வளவு மோசமான பந்தயத்துக்கும் போகிறார். ஆப்ஷன் டிரேடிங்கில் (வருங்கால விலை மேல் ஒப்பந்தம் வாங்கி விற்பதில்) மதியத்துக்கு மேல் லாட் எண்ணிக்கையை, அதாவது ஒப்பந்த அளவைக் கூட்டுகிறவர் செய்வது இதைத்தான். மனசு கொதிக்கும் நேரத்தில் புத்தி சொல்லிப் பயனில்லை. காலையிலேயே, சந்தை திறக்கும் முன், அன்றைய அதிகபட்ச நஷ்டத்தை ரூபாயில் எழுதி, ஸ்டாப் லாஸையும் (இந்த விலைக்கு விழுந்தால் விற்றுவிடு என்ற எல்லை) ஆர்டராகவே போட்டுவிடுங்கள். "மனசுக்குள் ஸ்டாப் லாஸ்" நஷ்டம் வரும்போது நகர்ந்துகொண்டே போகும்.

மூன்றாவது, எத்தனை தடவை பார்க்கிறோம் என்பது. 1997-ல் தேலர், ட்வெர்ஸ்கி, கானமன், ஷ்வார்ட்ஸ் நடத்திய சோதனையில், முடிவுகளை மாதாமாதம் பார்த்தவர்கள் பங்குகளில் சுமார் 40% வைத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தவர்கள் சுமார் 70%. 15 ஆண்டுக்கு எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகை முதலீடு) போட்டவர் தினமும் ஆப்பைத் திறந்தால், தேவையில்லாத நஷ்ட வலியை நூற்றுக்கணக்கான தடவை விலைக்கு வாங்குகிறார்.

எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) எச்சரிக்கையைப் பார்த்தும் மக்கள் நிற்பதில்லையே?

2023 ஜூலையிலிருந்து, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுப்படி தரகு ஆப்பில் நுழைந்ததும் ஓர் எச்சரிக்கை வருகிறது: பங்கு எஃப் அண்ட் ஓ-வில் தனிநபர்களில் 10-ல் 9 பேர் நிகர நஷ்டம் அடைந்தார்கள், நஷ்டப்பட்டவரின் சராசரி நஷ்டம் ₹50,000-க்கு அருகில், அதற்கு மேல் நஷ்டத்தின் 28% அளவுக்குப் பரிவர்த்தனைச் செலவு. ஒப்புக்கொண்டு தட்டினால்தான் உள்ளே போக முடியும். 2024 செப்டம்பரில் வந்த செபி ஆய்வு இன்னும் கடுமையானது. மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களில் 93% பேர் நஷ்டம், ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் ₹2 லட்சம்.

வார்த்தை நல்ல வார்த்தைதான்: சதவீதம் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வடிவத்திலேயே ஓர் ஓட்டை உண்டு. 10-ல் 9 என்று படித்தவுடன் மீதி ஒரு நாற்காலி காலியாகத் தெரிகிறது, படிப்பவர் அதில் போய் உட்கார்ந்துகொள்கிறார். இரண்டாவது, தினமும் வரும் எச்சரிக்கையைக் கட்டைவிரல் படிக்காமலே தட்டப் பழகிவிடுகிறது. ஊர்க் கணக்கைவிட உங்கள் சொந்தக் கணக்கு வலிமையானது. தரகர் தரும் லாப நஷ்ட அறிக்கையை ஒரு முழு நிதியாண்டுக்கு எடுத்து, தரகு, எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி எல்லாம் கழித்த கடைசி எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இந்த ஆய்வுகள் இன்றும் நிற்கின்றனவா?

அடிப்படை நிற்கிறது. 2014-ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து பழைய சோதனைகளைத் திரும்பச் செய்தபோது 600 பேர் கேள்வி மறுபடியும் அதே திசையில் வந்தது, ஆனால் விளைவின் அளவு முதல் ஆய்வில் இருந்ததில் பாதி அளவுக்குத்தான் இருந்தது. ஒரு நியாயமான விமர்சனமும் உண்டு. "200 பேர் காப்பாற்றப்படுவார்கள்" என்பதைச் சிலர் "குறைந்தது 200 பேர்" என்று படிக்கிறார்கள். "200 பேர் பிழைப்பார்கள், 400 பேர் இறப்பார்கள்" என்று முழுதாக எழுதினால் விளைவு வெகுவாகக் குறைகிறது. வாக்கியத்தை முழுமையாக எழுதுவதே பாதி மருந்து என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் யோசிப்பதற்கும் ஆங்கிலத்தில் யோசிப்பதற்கும் வித்தியாசம் உண்டா?

தமிழை வைத்து அல்ல, வேறு மொழிகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். போவாஸ் கைசார் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தொற்றுநோய்க் கேள்வி மாதிரியான ஒன்றைத் தாய்மொழியில் கேட்டபோது காப்பாற்றுவது, இறப்பது என்ற இரண்டு வடிவங்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தது. பின்னாளில் கற்ற மொழியில் கேட்டபோது அது காணாமல் போனது. கற்ற மொழியில் சாவு, நஷ்டம் போன்ற சொற்கள் அவ்வளவு சுடுவதில்லை என்பது ஒரு விளக்கம்.

இதை வைத்து ஆஸ்பத்திரியின் ஆங்கில ஒப்புதல் படிவமே மேல் என்று முடிவுகட்டக் கூடாது. அந்தச் சோதனையில் இருந்தவர்களுக்குக் கேள்வி முழுதாகப் புரிந்திருந்தது. புரியாத படிவத்தில் போடும் கையெழுத்து நிதானம் ஆகாது. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர் என்றால் ஒரே கேள்வியை இரண்டிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அம்மாவுக்கோ மாமாவுக்கோ படித்துச் சொல்ல வேண்டும் என்றால் தமிழிலேயே, பிழைப்பவர் எண்ணிக்கையையும் இறப்பவர் எண்ணிக்கையையும் ஒரே மூச்சில், அதே குரலில் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு தாளில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து வட்டம் வரைந்து, 100-ல் 6 பேருக்குச் சிக்கல் என்றால் ஆறு வட்டங்களை மட்டும் பேனாவால் நிரப்பிக் கையில் கொடுத்துவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது புரியும்.